ஆணியே சொல்லும் அளவு

மருதமுனைக் கைத்தறிச் சாரன் வாங்கப் போகும் எங்கள் கல்முனைப் பக்கத்துப் பெரியவர்கள் நிறத்தோடு நின்றுவிட மாட்டார்கள். ஓரத்தைப் புரட்டி இழையைப் பார்ப்பார்கள். வீட்டில் கட்டும் விமானத்தையும் அந்தக் கண்ணால் பார்த்தால்தான் அதன் நயம் பிடிபடும்.

கேரளத்து ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் பொறியியலாளர். 2018இல் விமானி உரிமம் பெற்று, இரண்டு இருக்கை விமானங்களை வாடகைக்கு எடுத்துப் பறந்தவர். மனைவி, இரு மகள்களோடு வீட்டில் நாலு பேர். அந்தக் கணக்குத்தான் அவருடைய தேர்வின் அடித்தளம். தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற நான்கு இருக்கை விமானத்தின் பாகங்களை வரவழைத்து, கொரோனா முடக்கக் காலத்தில் கட்டத் தொடங்கினார். ஏறக்குறைய 18 மாதங்களில் வேலை முடிந்தது. இளைய மகள் தியாவின் பெயரைத் தாங்கிய அந்த விமானம் 2022இல் குடும்பத்தை ஐரோப்பிய நாடுகளுக்குச் சுமந்து சென்றது.

எனக்கு அதில் தித்திப்பது தகடுகளைப் பிணைக்கும் அதன் ரிவிட் ஆணிதான். பழைய முறை ரிவிட் அடிக்க வெளியே ஒருவர் சுத்தியல் துப்பாக்கி பிடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்லிங்கில் பெரும்பாலும் இழுத்துப் பொருத்தும் பொப் ரிவிட். அதன் நடுவில் ஒரு மெல்லிய தண்டு. கருவி அதை இழுக்க இழுக்க மறுபக்கம் உப்பித் தகட்டைக் கவ்வும். உரிய இறுக்கம் வந்ததும் தண்டு ‘டக்’கென்று முறியும். போதும் என்று ஆணியே சொல்லிவிடுகிறது! தனியாக வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல துணை ஏது?

இறுக்கிய நட்டின் மேல் சிறு வண்ணக் கோடு ஒன்று இழுப்பார்கள். அது நட்டைத் தாண்டித் தகடு வரை ஓடும். நட்டு மயிரிழை அளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். துளையிட்ட விளிம்பில் நிற்கும் பிசிறையும் விடமாட்டார்கள். விரிசல் தொடங்குவது அங்கேதான். 141 குதிரைத்திறன் ரோட்டக்ஸ் எஞ்சினுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இரட்டைத் தடம். ஒன்று செயலிழந்தாலும் மற்றது எஞ்சினை ஓட்டும். மோட்டார் பெற்றோலே அதற்குப் போதும்.

வேகமும் வடிவமும் எவரையும் கவரும். ஆனால் கட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியவை வேறு: எத்தனை பேரைச் சுமக்க வேண்டும், தன் ஒரு கையால் எது முடியும், அந்தக் கை தவறினால் தவறு எங்கே தெரியும். மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு ஆணியிலும் நட்டிலும் விடை வைத்திருக்கும் விமானத்தில்தான் பிள்ளைகளை மனம் நிறைந்து ஏற்றலாம்.