பழம்பாட்டும் மின்கிதாரும்

முன்னோர் பாடிய பாட்டில் புது வாத்தியத்தைச் சேர்ப்பது அதற்கு உயிரூட்டுவதா, ஊறு செய்வதா? இங்கிலாந்தின் நாட்டுப்பாடல்களைக் குறித்து இவ்வினாவை வலுவாக எழுப்பிய இசைத்தட்டுகளுள் ஒன்று, 1970-இல் வெளிவந்த 'ஹார்க்! தி வில்லேஜ் வெயிட்'. 'ஸ்டீலை ஸ்பேன்' குழுவின் முதற்படைப்பு அது. 'வெயிட்' என்பது ஆங்கிலேய நகரங்கள் ஊதியம் தந்து போற்றிய ஊர்ப்பாணரைக் குறிக்கும் பழஞ்சொல்.

குழுவைத் தோற்றுவித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், பழம்பாடல்களில் இன்னும் ஆழ்ந்து திளைக்க விரும்பித் தமது முந்தைய குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனை விட்டு 1969-இல் விலகியவர். டிம் ஹார்ட்டும் மேடி பிரையரும், அயர்லாந்தைச் சேர்ந்த டெர்ரி வுட்ஸ், கே வுட்ஸ் தம்பதியரும் அவரோடு இணைந்தனர்.

மின்கிதாரும் முரசும் பழம்பாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்பார் உளர். ஆனால், ஆங்கிலேய நாட்டுப்பாடகர் பெரும்பாலும் பக்கவாத்தியமின்றியே பாடினர். 1903-இல் சாமர்செட்டில் பாடல் தொகுக்கத் தொடங்கிய செசில் ஷார்ப், அவற்றுக்குப் பியானோ இசை அமைத்தே அச்சிட்டார். பியானோவை ஏற்றவர் மின்கிதாரை மட்டும் மறுப்பது எவ்வாறு நியாயமாகும்? எந்த வாத்தியம் என்பதன்று, அது பாட்டின் பொருளுக்குப் பணிகின்றதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இத்தட்டின் சிறந்த பாடல்கள் அக்கேள்விக்கு நல்விடை தருகின்றன. 'ஆல் திங்ஸ் ஆர் கொயட் சைலன்ட்' என்பது, கடற்படைக்கு ஆள்பிடிப்போர் நள்ளிரவில் கணவனைப் பறித்துச் செல்ல, தனித்துவிடப்பட்ட மனைவியின் புலம்பல். மேடி பிரையர் அழுது காட்டுவதில்லை. தெளிந்த குரலில் சொல்லிச் செல்கிறார். துயரம் கேட்பவர் நெஞ்சில் தானே நிறைகிறது. 'பிளாக்லெக் மைனர்' வேறு வகையினது. நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தத்தை முறிப்பவனை எச்சரிக்கும் பாட்டு அது. அத்தகையவனை நம் தொழிற்சங்கத்தாரும் 'கருங்காலி' என்றே அழைப்பர். டிம் ஹார்ட்டின் குரலில் அச்சினம் பழங்கதையாக ஒலிக்கவில்லை. வாத்தியங்களை அறவே விலக்கி, இரு பெண்குரல்களால் மட்டும் 'மை ஜானி வாஸ் எ ஷூமேக்கர்' பாடலை அமைத்திருப்பது, எங்கே அடங்க வேண்டும் என்பதை இக்குழுவினர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

குறைகளும் இல்லாமலில்லை. கிராமத்துப் பாடகர் பொருளுக்கேற்ப அடியை நீட்டுவர், குறுக்குவர். ஒரே சீராக அடிக்கும் முரசோ அவ்வுரிமையைச் சில இடங்களில் பறித்துவிடுகிறது. மேலும், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பாடல்களும் இதில் கலந்திருத்தலின், இதனை முழுதும் ஆங்கிலேயப் பாடல் தொகுதி எனல் பொருந்தாது.

இந்த ஐவரும் ஒன்றாக மேடையேறும் முன்னரே வுட்ஸ் தம்பதியர் பிரிந்து சென்றனர். ஆகவே அக்கூட்டு இசைக்கு எஞ்சிய சான்று இந்த ஒரு தட்டே. பழம்பாடலைக் காட்சிப்பொருளாகப் பூட்டிவைக்காமல், வாழும் மனிதரின் துயரமாகவும் சினமாகவும் கேட்கச் செய்தமையே இதன் வெற்றி. அவ்வெற்றிக்கு முன் மேற்சொன்ன குறைகள் சிறியனவே.