தண்டர் சைல்ட் எந்தக் கப்பல்?

ஹெச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) நாவலை ஒரு போர்க்கப்பல் பைத்தியத்திடம் கொடுத்துப் பாருங்க. செவ்வாய்க்காரர்களை விட்டுட்டு ஒரே கேள்வியைப் பிடிச்சுக்குவார்: எஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் அவர்களை எதிர்த்துப் பாயும் 'தண்டர் சைல்ட்' நிஜத்தில் எந்தக் கப்பல்?

வெல்ஸ் அதை 'டார்பிடோ ராம்' என்கிறார். டார்பிடோ விடும், முடியாட்டி இரும்பு மூக்கால் இடித்துப் பிளக்கும் ரகம். பிரிட்டிஷ் கடற்படையில் அப்படி இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: 1881-ல் கடலில் இறக்கப்பட்ட 'பாலிஃபீமஸ்'. கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். மூக்கு நடுவில் ஒரு டார்பிடோ குழாய் வேற. செவ்வாய்க்காரர்கள் இந்தக் கப்பலையும் தங்களைப் போன்ற ஒரு ராட்சதன்னு நினைச்சிருக்கலாம் என்று வெல்ஸ் எழுதுவதைப் படிச்சா, கேஸ் முடிஞ்ச மாதிரிதான் இருக்கும்.

முடியலை. பாலிஃபீமஸில் பெரிய பீரங்கியே கிடையாது, இயந்திரத் துப்பாக்கிகள்தான். தண்டர் சைல்டில் பீரங்கி முழங்குது.

என்னைக் கேட்டா, தேட வேண்டியது கப்பலை இல்லை, அந்த மூக்கை. 1866 லிஸ்ஸா போரில் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று இத்தாலியரின் 'ரே தித்தாலியா'வை இடித்தே மூழ்கடிச்சது. அதைப் பார்த்து ஆளாளுக்கு மூக்கு வெச்சுக்கிட்டாங்க. பிரிட்டிஷ்காரர்களின் மூக்கு பதம் பார்த்ததோ பெரும்பாலும் சொந்தக் கப்பலைத்தான். 1875-ல் மூடுபனியில் 'அயர்ன் டியூக்' தன் ஜோடிக் கப்பல் 'வேன்கார்டை' இடிச்சு மூழ்கடிச்சது. 1893-ல் பயிற்சியின்போது 'கேம்பர்டவுன்' மோதி 'விக்டோரியா' மூழ்கியது. தளபதி டிரயானோடு 358 பேர் பலி. நாவல் பத்திரிகையில் தொடராக வந்த 1897-ல் இது நாலு வருஷப் பழைய செய்தி. லண்டன் வாசகர் யாரும் மறந்திருக்க மாட்டார்.

அந்தப் பேர் கெட்ட ஆயுதத்துக்குத்தான் வெல்ஸ் வெற்றி கொடுக்கிறார், அதுவும் எப்படி? கப்பல் சுடாமலே நெருங்குது. சுடாததால்தான் எதிரிக்கு அது என்னன்னே புரியலை. முதல் செவ்வாய்க்காரன் விழுகிறான். இரண்டாமவனுக்கு நூறு கஜம் இருக்கும்போது வெப்பக் கதிர் பட்டு கப்பல் வெடிக்குது. எரியும் சிதிலம் வந்த வேகத்திலேயே போய் அவனை நசுக்குது. மூக்கு வேலை செய்யும் நேரத்தில் சுக்கான் பிடிக்க ஆள் இல்லை.

பின்னால் வந்தவர்களுக்கு இதில் வீரம் மட்டும் போதுமாக இருந்தது. 1938 வானொலி நாடகத்தில் அந்த வேலையை ஒரு குண்டுவீச்சு விமானம் செய்யுது. 1996 'ஸ்டார் டிரெக்' படத்தில் போர்க் படையை எதிர்க்கும் விண்கலம் ஒன்றுக்கே தண்டர்சைல்ட்னு பேரு. நம்ம ஆளுங்க தியேட்டரில் சிரிச்சிருப்பாங்க.

வெல்ஸ் வெச்ச இன்னொரு வரியை ரசிகர்கள் பீரங்கிக்கு ஆதாரமா மட்டும்தான் எடுத்துக்காட்டுவாங்க. தண்டர் சைல்டின் குண்டு ஒன்று அகதிக் கப்பல் பக்கத்தில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, தப்பி ஓடிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகைத் தூள் தூளாக்குது. அதில் இருந்தவர்கள் என்ன ஆனாங்கன்னு அவர் சொல்றதே இல்லை.