எல்டன் ரிங்கில் எப்படிச் சாவது?

எல்டன் ரிங்கைப் பற்றி இரண்டு பேச்சுகள் ஊரெல்லாம் உலவுகின்றன. மனிதர் யாரும் ஆடி முடிக்க முடியாத அளவுக்குக் கடினம் என்பது ஒன்று. வெட்டும் குத்தும் ரத்தமுமாக இருப்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்பது மற்றொன்று. முதல் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் ஒதுங்குகிறார்கள், இரண்டாவதைக் கேட்டுப் பெற்றோர் கதவைச் சாத்துகிறார்கள். 2022 பிப்ரவரி 25 அன்று வெளியாகி, அந்த ஆண்டுக்கான ‘தி கேம் அவார்ட்ஸ்’ முதல் பரிசை வாங்கி, 2024க்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்ற பிறகும், ஆடிப் பார்க்காதவர்கள்தான் அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இளையவர்களுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கத் தகுந்த கேம்களில் இதைப்போல் நேர்மையானது அரிது. அந்த நேர்மையைக் கண்டுகொள்ளத் தெரிந்தால் கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

அடிப்படைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செய்தது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர், இயக்கியது ஹிடேடாகா மியாசாகி, முன்கதைக்கு அடித்தளம் போட்டவர் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். சிதைந்துபோன ஒரு ராஜ்யம், ஆளுக்கொரு துண்டாக அதைப் பிடித்துவைத்திருக்கும் அரசகுலத்தார், நடுவில் ஒன்றுமில்லாதவராக நீங்கள். எதிரிகளைக் கொன்றால் ‘ரூன்’ சேரும், அதுவே பணமும் பலமும். செத்தால் கையிலிருந்த ரூன் செத்த இடத்திலேயே கிடக்கும்; போய் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியில் மறுபடி செத்தால் போனதுதான். குடிக்க ஒரு குப்பி மருந்து, ஏறிச் சுற்ற ஒரு குதிரை. ஈஸி, நார்மல், ஹார்ட் என்ற தேர்வு கிடையாது. தொடங்க இவ்வளவு போதும்.

இனி கேமின் அட்டையில் இருக்கும் வயது எண்ணைப் பார்ப்போம். ஐரோப்பாவின் ‘பெகி’ அமைப்பு 16 என்கிறது, அமெரிக்காவின் ‘ஈஎஸ்ஆர்பி’ அமைப்பு 17 முதல் என்கிறது. இந்த எண்கள் பிறந்த கதை தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். 1992இல் வந்த ‘மார்ட்டல் காம்பாட்’ சண்டை கேமில் தெறித்த ரத்தத்தைப் பார்த்து அமெரிக்கா பதறியது. 1993 டிசம்பரில் செனட் விசாரணை நடந்தது. மறு ஆண்டே ஈஎஸ்ஆர்பி உருவானது. அதே கேமின் நின்டெண்டோ பதிப்பில் ரத்தம் சாம்பல் நிற வியர்வையாக மாற்றப்பட்டிருந்தது. முகத்தில் விழுந்த குத்து மட்டும் அப்படியே இருந்தது. இந்தியாவில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வந்தபோதும் குண்டு பாய்ந்தால் தெறிப்பது சிவப்பாக இல்லாமல் பச்சையாக இருந்தது. நிறம் மாறினால் சுடுகிறவரின் மனநிலை மாறிவிடுமா? இன்னொன்றும் பாருங்கள். எல்டன் ரிங் வந்த அதே பருவத்தில் கடைகளில் இருந்த ‘ஃபிஃபா 22’ கால்பந்து கேமுக்குப் பெகி கொடுத்த வயது 3. உள்ளே என்ன ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் ‘பேக்’குகள் அதில் இருந்தன. அப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018லேயே சொல்லிவிட்டது. வாங்கும் வசதி இருக்கிறது என்ற குறிப்பு அட்டையின் மூலையில் உண்டுதான். ஆனால் பெற்றோர் கண்ணில் படுவது பெரிய எழுத்தில் இருக்கும் 3. ரத்தத்தைப் பார்த்து வயது சொல்லும் பழக்கம் நம்மை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தோற்றவரை கேம் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். கடினமான கேம் வேறு, வதைக்கும் கேம் வேறு. விமர்சகர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். கடினமான கேமில் நீங்கள் செத்தால் ஏன் செத்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியும். அடுத்த முறை அதைத் திருத்தவும் முடியும். திருத்துவதற்கு உங்கள் கண்ணும் கையும் போதும். வதைக்கும் கேமில் ஏன் தோற்றீர்கள் என்று தெரியாது, தெரிந்தாலும் திருத்தும் வழி கேமுக்கு வெளியே, உங்கள் பர்ஸில் இருக்கும். உயிர் தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு என்று கேட்கும் மிட்டாய் நிற மொபைல் கேம்கள் எத்தனை! அவற்றில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. ஒரு குழந்தையின் ஆற்றாமையை விலைக்கு விற்கும் அந்தக் கணக்கைவிடக் கொடூரமான எதையும் எல்டன் ரிங்கின் எந்தக் கோட்டையிலும் நான் பார்க்கவில்லை. எல்டன் ரிங்கில் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, பல கைகளை ஒட்டவைத்த ஒரு பிராணி புதியவரைக் கொன்றுவிடும். கதை அங்கிருந்துதான் நகர்கிறது. இங்கே சாவது ஒரு பாடம், அவமானம் இல்லை என்று முதல் வேளையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். திறந்த கதவு திறந்தபடி இருக்கும், எடுத்த பொருள் உங்களிடமே இருக்கும், பெரிய சண்டைகளுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கும் இடமும் பல சமயம் வைத்திருப்பார்கள். கேட்கும் விலை அந்த ரூன் மட்டும்தான்.

ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற எதிரியைக் கவனியுங்கள். புதியவர்கள் பலர் கேமை மூடிவைப்பது இந்த இடத்தில்தான். கையில் தடி, உடலெங்கும் கொம்பு. தடியைத் தலைக்கு மேல் தூக்குவான். எல்லாக் கேம்களிலும் பழகிய விரல், தூக்கியதுமே அடிக்குத் தப்பி உருள்வதற்கான பட்டனை அழுத்திவிடும். ஆனால் தடி இறங்காது. மேலேயே நிற்கும். நீங்கள் உருண்டு எழுந்து நிமிர்கிற அந்த நொடியில் சரியாக மண்டையில் விழும். ஏமாற்று வேலை என்று கத்தத் தோன்றும். இரண்டாவது முறையும் அதே இடத்தில் அதே அளவு தாமதம், மூன்றாவது முறையும் அப்படியே. தாளம் தொடங்கியும் பாட்டு அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைக்கு மிருதங்கக்காரர் கை காத்திருக்குமே, அந்தக் காத்திருப்பைத்தான் மார்கிட் கற்பிக்கிறான். தடி தூக்கப்படுவதைப் பார்த்து உருள்கிறவர் தன் பயத்துக்குப் பதில் சொல்கிறார், தடி இறங்குவதைப் பார்த்து உருள்கிறவர் மார்கிட்டுக்குப் பதில் சொல்கிறார். தள்ளி நின்று பதற்றத்தில் மருந்துக் குப்பியை வாயில் வைத்தாலோ, ஒளிக் கத்தியை வீசுவான். பதற்றத்தில் எடுக்கும் முடிவுக்கு அங்கே இடமில்லை. இதில் எதுவும் தற்செயல் இல்லை, எதுவும் விற்பனைக்கும் இல்லை. பதினான்கு பதினைந்து வயதில் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய நல்ல பயிற்சிகளில் இதற்கு இடம் உண்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

சரி, வன்முறை? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. காட்ரிக் என்ற சிற்றரசன் பலம் வேண்டி மற்றவர்களின் கைகால்களை வெட்டித் தன் உடலில் ஒட்டிக்கொள்கிறான். சண்டையின் நடுவில் தன் கையையே துண்டித்து, அந்த இடத்தில் டிராகன் தலையை மாட்டிக்கொள்கிறான். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வரைந்திருக்கிறார்கள். கேட்க வேண்டியது, இந்த வலிக்கு கேம் எடை கொடுக்கிறதா என்பது. வீப்பிங் பெனின்சுலாவின் சாலையோரம் ஐரினா என்ற பார்வையற்ற பெண் உட்கார்ந்திருப்பாள். மோர்ன் கோட்டையில் இருக்கும் அப்பாவிடம் ஒரு கடிதம் கொடுக்கச் சொல்வாள். கோட்டையில் அடிமைகள் கலகம் செய்து காவலர்களைக் கொன்று குவித்திருப்பார்கள். நீங்கள் கடிதத்தைச் சேர்த்து, கோட்டையைக் காத்து, நல்லது செய்த திருப்தியில் திரும்பி வந்தால் ஐரினா அதே இடத்தில் செத்துக் கிடப்பாள், பக்கத்தில் அப்பா. பரிசு அறிவிப்பு இல்லை, இசை இல்லை. அடிமைகள் ஏன் எழுந்தார்கள் என்ற கேள்வியும் உங்கள் தலைமேல்தான் விழும். மார்கிட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. கொம்போடு பிறந்ததற்காகத் தலைநகருக்கு அடியில் அடைத்துவைக்கப்பட்ட அரசகுமாரன் அவன். தன்னை ஒதுக்கிய சிம்மாசனத்துக்கே காவலாக நிற்கிறான். எத்தனையோ முறை உங்களைக் கொன்றவன் மேல் பரிதாபம் வரும்படி செய்துவிடுகிறார்கள். கொன்ற எண்ணிக்கையைத் திரையில் ஓடவிட்டுக் கைதட்டும் கேம்களுக்கும் இதற்கும் நடுவில் உள்ள தூரத்தை ‘வன்முறை’ என்ற ஒற்றைக் குறிப்பு எப்படி அளக்கும்? மறுபக்கம், கதையே இல்லை, சொல்லத் தெரியவில்லை என்று எழுதிய விமர்சகர்களைப் பற்றி என்ன சொல்ல? கதையைத் தாங்கியிருக்கும் பொருள்களின் குறிப்பைப் படிக்காமல் ஓடியவர்கள் அவர்கள்.

பார்த்ததைப் பிள்ளைகள் செய்துவிடுவார்களே என்ற அச்சத்துக்கும் நேராகப் பதில் சொல்லலாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது: கேம்களில் உள்ள வன்முறைக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு காணப்படுகிறது, ஆனால் நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2019இல் பிரிட்டனின் 14, 15 வயதினரை நெட்டா வைன்ஸ்டைனும் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் ஆராய்ந்தபோது, வன்முறை கேம் ஆடுவதற்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. இதனால் எதையும் எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. பத்து வயதுக் குழந்தைக்குக் காட்ரிக்கின் உடல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், அதுவே தள்ளிவைக்கப் போதுமான காரணம். ‘டங் ஈட்டர்’ என்ற கொலைகாரன், பிணங்களைச் சபித்துக் களங்கப்படுத்துவதை விவரிக்கும் வசனங்கள் பதினைந்து வயதுக்கும் கனமானவை. ரத்தம் கடந்துபோய்விடும், இந்த வசனங்கள் தங்கிவிடும். பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அதுதான்.

தோற்றுத் தோற்றுப் பிள்ளை கன்ட்ரோலரைச் சுவரில் எறிவானே என்பார்கள். எறியக்கூடும். அதற்குக் கேமை விடப் பெரிய காரணம், அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஒரு ஃபேஷன். ஓர் அடிகூட வாங்காமல் முடித்தேன், யாருடைய உதவியும் இல்லாமல் முடித்தேன் என்று வீடியோ போட்டு, துணைக்கு ஆவிகளை அழைப்பவர்களைக் கோழை என்று ஏசும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டம் கடினத்தை வதையாக மாற்றுகிறது, புதியவர்களை ஓட ஓட விரட்டுகிறது. கேமைச் செய்தவர்களே சர்ச் ஆஃப் எல்லேயில் ஒரு சூனியக்காரியை உட்காரவைத்து, மணியும் மூன்று ஓநாய்களின் ஆவியும் தொடக்கத்திலேயே கொடுக்கிறார்கள். கொடுத்ததைப் பயன்படுத்துவதில் என்ன கேவலம்? ஈஸி மோட் வைக்காததே குற்றம் என்று 2019இல் இதே நிறுவனத்தின் ‘செகிரோ’ கேம் வந்தபோது எழுந்த வாதமும் எல்டன் ரிங்குக்குப் பொருந்தாது. இதில் எளிமை மெனுவில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது: மார்கிட் முடியவில்லையா, தெற்கே போங்கள், பத்து லெவல் ஏறி வாருங்கள். கண், கைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இன்னும் வசதி வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயம். அதை நானும் ஆதரிக்கிறேன்.

உங்களிடம் மட்டும் சொல்வதானால், கடைசிக் காற்பகுதியில் இந்தக் கேமே தன் கோட்டைத் தாண்டுகிறது. ஃபாரும் அசுலா என்ற பகுதியை ஒட்டி அடிகளின் பலம் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒளிந்திருக்கும் மலேனியா என்ற எதிரி, நீங்கள் கேடயத்தில் சரியாகத் தடுத்தாலும் தன் உயிரை நிரப்பிக்கொள்கிறாள். சரியாகச் செய்தவருக்கும் தண்டனை என்றால் அது வதையின் ஓரம். நல்லவேளை, அவளைச் சந்திக்காமலே கதையை முடிக்கலாம். இளையவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன். தொடக்கத்தில் சாலையில் நிற்கும் தங்கக் கவசக் குதிரைவீரனையும் சுற்றிப்போகச் சொல்லுங்கள். அவன் நிற்பதே சுற்றிப்போகலாம் என்று கற்றுக்கொடுக்கத்தான். வழிகாட்டி வீடியோக்களைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள், ஐரினாவின் முடிவு யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

என் கணக்கு இது: பதினான்குக்குக் கீழே வேண்டாம். பதினான்கு, பதினைந்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் தாராளமாக. பதினாறிலிருந்து தனியாக. ஆனால் எண்ணைவிட மார்கிட்டை நம்புங்கள். அவனிடம் நாலைந்து முறை செத்த பிறகு “எப்படிச் செத்தே?” என்று கேளுங்கள். “முந்தி உருண்டுட்டேன்” என்றோ “பேராசைப்பட்டு ஓர் அடி கூட அடிச்சேன்” என்றோ பதில் வந்தால் அந்தப் பிள்ளை தயார். சில நாள் கழித்தும் “கேம் ஏமாத்துது” என்பது மட்டுமே வந்தால் ஒரு வருஷம் தள்ளிவையுங்கள். சாப்பிடக் கூப்பிடும்போது கேமை இடையில் நிறுத்த முடியாதே என்று சண்டை வேண்டாம். சேவ் செய்து வெளியேறினால் விட்ட இடத்திலோ, பெரிய சண்டை என்றால் அதன் வாசலிலோ மறுபடி தொடங்கலாம். முகம் தெரியாதவர்கள் உள்ளே புகுந்து தாக்குவது பிடிக்காவிட்டால் சிஸ்டம் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஆஃப்லைன் என்று மாற்றிவிடுங்கள். கதையில் ஒன்றும் குறையாது.