உடலும் அரசும்: பஹ்மிதா றியாஸின் கவிதைகள்

உருதுக் கவிதை என்றதும் ஈழத்துத் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவோர் பெரும்பாலும் இக்பாலும் பைஸ் அஹமத் பைஸுமே ஆவர். அம்மொழியிற் பெண்கள் படைத்தவை நம்மிடையே உரிய கவனம் பெறவில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து எழுதும் நாம் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வாயிலாக அணுகும் பஹ்மிதா றியாஸ் (1946–2018), அவ்வகையில் விரிவாக நோக்கப்படவேண்டிய கவிஞராவார்.

மீரட் நகரிற் பிறந்து, சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் வளர்ந்த அவரது முதற்றொகுதி 1967இல் வெளிவந்தது. லண்டனிற் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் 1973இல் வெளியிட்ட 'பதன் தரீதா' பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியது. மரபுவழிக் கஸலில் காதலிக்கப்படும் பொருளாக இருந்தவள் பெண். காதலைப் பேசும் குரல் ஆணுடையது. இத்தொகுதியிலோ பெண்ணே தன் வேட்கையையும் தாய்மையையும் பேசுகின்றாள். இதனை ஆபாசம் என்றனர் பழைமைவாதிகள்.

அவரது ஆக்கங்களை உடலைப் பாடியவை, அரசியலைப் பாடியவை என இரு கூறாக்கி, பின்னையதை மட்டும் போற்றும் போக்கு முற்போக்காளரிடையேயும் காணப்படுகின்றது. இத்தகைய தயக்கம் புதியதன்று. 1936இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் 1945ஆம் ஆண்டு ஹைதராபாத் (தக்காணம்) மாநாட்டில் ஆபாச இலக்கியத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. மௌலானா ஹஸ்ரத் மொஹானி முதலியோரின் எதிர்ப்பினால் அது நிறைவேறவில்லை. 'லிஹாப்' சிறுகதைக்காக இஸ்மத் சுக்தாய் லாகூர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டதும் அத்தசாப்தத்திலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேற்கூறிய பகுப்பு பொருந்தாதென்பதை வரலாறே மெய்ப்பித்தது. 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஸியாவுல் ஹக், 1979இல் ஹுதூத் சட்டங்களைப் பிரகடனப்படுத்தினார். மணவுறவுக்குப் புறம்பான பாலுறவு அரசுக்கெதிரான குற்றமாயிற்று. வல்லுறவுக்குள்ளாகி முறையிட்ட பெண்ணே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படும் நிலை தோன்றியது. 'சாதரும் சார்திவாரியும்', அதாவது முக்காடும் வீட்டின் நான்கு சுவரும், பெண்ணுக்குரியவை என்பது ஆட்சியின் சுலோகமாயிற்று. அச்சுலோகத்தையே தலைப்பாகக் கொண்ட பஹ்மிதாவின் கவிதை, தரப்படும் கரிய முக்காட்டை ஏற்க மறுத்து, அதிகார மாளிகையினுள் நாறிக்கிடக்கும் பிணத்தைச் சுட்டுகின்றது. அங்கு நுகர்பொருளாக்கப்பட்ட ஏழைச் சிறுமியரையும் அடிமைப் பெண்களையும் முன்னிறுத்துகின்றது. பெண்ணுடல் யாருடைய உடைமை என்ற 1973ஆம் ஆண்டின் வினாவே இங்கு அரசை நோக்கி எழுப்பப்படுகின்றது. ஆகவே உடலைப் பாடிய பஹ்மிதாவும் அரசியலைப் பாடிய பஹ்மிதாவும் ஒருவரே.

அவர் நடத்திய 'ஆவாஸ்' சஞ்சிகையின் பொருட்டு இராசத்துரோக வழக்குக்குள்ளாகி, 1981இல் இந்தியாவிற் புகலிடம் பெற்று, டில்லியில் ஜாமியா மில்லியாவிற் பணியாற்றி, 1987இல் நாடு திரும்பினார். எனினும் புகலிடம் தந்த நாட்டுக்கு அவர் புகழ்பாடியாகவில்லை. இந்துத்துவம் தலைதூக்கியபோது, எம்மை அழித்த மடமையே உம்மையும் பற்றிக்கொண்டதென எள்ளலுடன் எச்சரித்தார்.

குறைபாடும் உண்டு. உழைக்கும் பெண் அவர் கவிதைகளிற் பெரும்பாலும் பேசப்படுபவளாகவே வருகின்றாள். பேசுபவள் கற்ற நடுத்தர வர்க்கப் பெண்ணே. ஆயினும் அவ்வர்க்கத்தின் பாதுகாப்பான மௌனத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திற் 'சொல்லாத சேதிகள்' தொகுதி வெளிவந்தது 1986இல். 2000களின் தொடக்கத்தில் குட்டி ரேவதி, சல்மா முதலியோரின் உடல்சார் கவிதைகளுக்கெதிராகத் தமிழகத்தில் எழுந்த கூக்குரல், 1973இல் பாகிஸ்தானில் எழுந்ததை ஒத்ததே. உடைமையுறவுகளை ஆராய்வதே தன் பணியெனக் கொண்ட திறனாய்வு, மிகப் பழைய உடைமைகளுள் ஒன்றான பெண்ணுடலைத் தனிமனித விவகாரமெனத் தள்ளிவைக்குமாயின், அது தன் அடிப்படையையே கைவிட்டதாகும்.