மதிலாலின் வாதக் கலை

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இந்தியத் தருக்கத்தின் அரிச்சுவடி இது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை சொல்லிக்கொடுக்கும்போதும் இந்தப் புகை வருகிறது. ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்காரருக்கு மட்டும் இதில் ஒரு சந்தேகம் எழும். புகைமூட்டக் காலத்தில் அங்குள்ள பூலாய் மலையே மங்கிப்போகிறது. நெருப்போ கடல் தாண்டிச் சுமத்திராவில். 2013 ஜூனில் அதே மாநிலத்து மூவாரில் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவித்தபோதும் அப்படித்தான். அரிச்சுவடி பொய்யா?

நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர்கள் இதற்கு எப்போதோ பதில் வைத்துவிட்டார்கள்: ஏதோ ஒரு புகை போதாது, அடியிலிருந்து அறுபடாமல் எழும் புகையாக இருக்க வேண்டும். இந்த நுட்பத்தை இன்றைய தத்துவத்தோடு சரிக்குச் சரி பேசவைத்தவர் பிமல் கிருஷ்ண மதிலால். 1935இல் வங்காளத்தில் பிறந்து, பண்டிதர்களிடம் நவ்ய நியாயம் என்னும் புதிய நியாயம் கற்று, ஹார்வர்டில் சமஸ்கிருத அறிஞர் இங்கால்ஸிடம் ஆய்வு செய்தவர். தருக்கவியலாளர் குவைனிடமும் பாடம் கேட்டார். டொராண்டோவில் கற்பித்தபின், 1976 முதல் 1991இல் மறையும்வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர்.

1968இல் வந்த அவருடைய முதல் நூல் முழுக்க ‘இல்லை’ என்பதைப் பற்றியது. புகைமூட்டத்துக்காக விடுமுறை விட்ட பள்ளியின் திடலைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது புல் மட்டுமா, பிள்ளைகள் இல்லாததுமா? இன்மையையும் கண் காண்கிறது என்கிறது நியாயம். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு அது போடும் நிபந்தனைகளைப் பாருங்கள். பிள்ளைகள் நம் நினைவில் இருக்க வேண்டும். திடலில் யானையும்தான் இல்லை, அது நமக்குத் தோன்றுவதே இல்லை. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கவும் வேண்டும். ஆகவே கிருமி இல்லையென்று பார்வையால் சொல்ல முடியாது. இவ்வளவையும் கேட்டபின் சிரித்தவரும் யோசிப்பார்.

1986இல் வெளியான ‘பெர்செப்ஷன்’ நூலில் அவர் நியாயத்தின் கட்சி. ஆனாலும் எதிர்த்தரப்பான பௌத்தரின் வாதத்தைத் துளியும் நீர்க்க விடுவதில்லை. நாகார்ஜுனரும் திங்நாகரும் முழு பலத்தோடு பேசுகிறார்கள். சில பக்கங்களில் அவர்களே வென்றுவிடுவார்களோ என்று நமக்குத் தோன்றும்.

முக்தியை ஓரங்கட்டி இந்தியத் தத்துவத்தை வெறும் தருக்கமாக்கிவிட்டார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் எதிராளியை மதித்து வாதாடுவதும் ஓர் அறம்தான். அதை ருசிக்க விரும்புகிறவர்கள், சொல்லையும் பொருளையும் பற்றி 1990இல் அவர் எழுதிய ‘தி வேர்ட் அண்ட் தி வேர்ல்ட்’ என்ற சிறு நூலிலிருந்து தொடங்கலாம்.