ரப்பர் மாறியது, கார் இளமையானது

கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் துண்டு காரின் குணத்தையே மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் தயங்காமல் நம்புங்கள். இங்கிலாந்தில் என் வீட்டுக் கராஜிலேயே பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சஸ்பென்ஷன் புஷ்கள் அத்தனையையும் மாற்றி முடித்தேன். அன்றிலிருந்து பால் வாங்கக்கூடச் சுற்றுவழியில்தான் போகிறேன்!

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் உலகம் முதன்முதலாகப் பார்த்த அதே தலைமுறைக் கார் இது. எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. குதிரையும் அதன் மேலிருப்பவனும் போல, காரும் ஓட்டுபவரும் ஓருடலாக ஓட வேண்டும் என்பதுதான் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் குழுவின் கனவு. அதற்காகவே நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் கொடுத்தார்கள். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். அவை வண்டியோடு சேரும் மூட்டுகளில் புஷ்கள். நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் ரப்பர், அவ்வளவுதான். ஆனால் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவதும், சக்கரத்தை அதன் கோணத்தில் பிடித்து நிறுத்துவதும் அந்த ரப்பர்தான். அது தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் தன் போக்கில் திரும்பும், ஸ்டியரிங் மழுங்கும்.

வேலையில் பாதி, போல்ட்டோடு போராடுவது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். பல வருட உப்பு, போல்ட்டையும் புஷ்ஷின் குழாயையும் ஒன்றாகத் துருப்பிடிக்க வைத்துவிடும். பின்சக்கரத்தின் கீழ் ஆர்ம் வெளிமுனையில் ஒரு நீள போல்ட் உண்டு. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, பொறுமையாகத் திருப்பினால் அதுவும் வரும். அது அசையும் அந்தக் கணம் இருக்கிறதே, அடடா!

புஷ்ஷைப் பிதுக்கி எடுக்கப் பெரிய பிரஸ் வேண்டியதில்லை. நீளமான மரைக்கம்பி ஒன்று, இருபுறமும் நட், தள்ள ஒரு சின்ன சாக்கெட், புஷ் விழ ஒரு பெரிய சாக்கெட். ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப ரப்பர் முனகும், பிறகு 'டப்'பென்று வெளியே விழும். பழையதைக் கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கவேண்டிய குழாய் ஓரமாக ஒதுங்கியிருந்தது. ரப்பர் வெடிப்பில் என் நகம் முழுசாக இறங்கியது.

பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்பார்கள். பந்தயத் தடத்துக்கு அது சரி. தெருவில் ஓட்ட, கம்பெனி ரப்பருக்கு ஈடே கிடையாது என்பேன். சத்தமில்லை, கிரீஸ் வேண்டாம், சாலையின் கரகரப்பும் உள்ளே வராது.

நான் மிகவும் ரசித்த கட்டம் கடைசி முறுக்கு. போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழாய் வண்டியோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் சுழலாது, முறுகும். ஜாக்கில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். அதனால் வண்டியின் பாரம் முழுக்கச் சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகுதான் டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன ரப்பருக்குள் எவ்வளவு யோசனை! கீழ் ஆர்மில் கோணத்தைத் திருத்தும் கேம் போல்ட்டுகள் இருப்பதால், பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

அலைன்மென்ட் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் முதல் ரவுண்டானா. ஸ்டியரிங்கை லேசாகத்தான் அசைத்தேன், மூக்கு உடனே திரும்பியது. பிரேக்கை அழுத்தினால் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. முன்சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிகிறது. வேறு வழியில்லாமல் அந்த ரவுண்டானாவை இன்னொரு முறையும் சுற்றினேன். அடுத்து டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள், ஆர்டர் கொடுத்தாயிற்று.