பால் பன்யனின் தோல்வி

அமெரிக்க வனங்களில் மரம் வெட்டியவர்கள் இராக்கால ஓய்வில் ஒருவரையொருவர் மிஞ்சப் புளுகி வளர்த்த பால் பன்யன் என்னும் ராட்சத வீரனை, 1958-இல் லெஸ் கிளார்க்கின் இயக்கத்தில் டிஸ்னி நிறுவனத்தார் 17 நிமிஷச் சித்திரப் படமாக்கியபோது, அவனும் அவனுடைய நீல எருதும் காலூன்றிய தடமெல்லாம் ஏரியாகும் அதிசயத்தைக் காட்டிலும், நீராவி ரம்பத்தை எதிர்த்துக் கோடரி வீசிய அவன், 240 அடி உயர்ந்த மரக்குவியலில் கால் அங்குலம் குறைந்து தோற்கும் கட்டமே என் நெஞ்சைக் கவர்ந்தது. மிகைப்படுத்துவதற்கென்றே பிறந்த கதையில் இத்தனை சொற்பமான அளவை வைத்த சாமர்த்தியத்தை என்னென்பது! ஆகாயத்தை முட்டும் ஆகிருதிக்கு நிஜத்தன்மை பாரமாகிவிடுமென்று உணர்ந்தோ என்னவோ, தட்டையான வர்ணங்களாலும் சிக்கனமான ரேகைகளாலுமே அவனைத் தீட்டியிருக்கிறார்கள். தோற்றவன் அலாஸ்காவில் எருதோடு மல்லுக்கட்ட, அதிலிருந்து வடதிசை ஒளி உண்டாவதாக முடித்திருப்பதுதான் சற்று அவசரமாகப்படுகிறது.